அகமும் புறமும்

தொம்மலூர்த் தெருவில் இளைஞர் கிட்டார் மீட்டினால் ‘இரைச்சல்’ என்று கதவடைப்போர் நம்மிற் பலர். இரயில் அலுவலகத்திலிருந்து களைத்து மீளும் யாமும் அங்ஙனமே செய்து வந்தோம்.

1969-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட ‘கிங் கிரிம்சன்’ முதலிய ஆங்கிலக் குழுவினர், தாளம் மாறி மாறி நீளும் ‘புரோகிரசிவ் ராக்’ இசையை வளர்த்தனர். அவ்விசையைக் கருநாடக இராகங்களோடு இணைத்தது, 2003-இல் இப்பெங்களூரில் தோன்றிய ‘அகம்’ குழு. பெயரே தமிழ்! 2012-இல் வந்த அவர்தம் முதல் தொகுப்பில், பெரியசாமித் தூரனின் ‘முருகா முருகா’ சாவேரியில் மின்கிட்டாருடன் ஒலிக்கின்றது.

தமிழ் பேச நாணும் எம் மகள் அதனைக் கேட்டு, “இதன் பொருள் என்ன, அப்பா?” என வினவினாள். எமது கண்டிப்பு செய்யாததை அப்பாட்டுச் செய்தது.

ஆதலின் கதவடையாது, அருகமர்ந்து பொருள் சொல்வோமாக.