நிலா மறைக்கிற நொடியும் நம்ம ரெக்கார்டு நோட்டும்



பிசிக்ஸ் லேபில் தனி ஊசல் சோதனை வந்தால் ஒரு அதிசயம் நடக்கும். குண்டு நேராக ஆடினாலும் கோணலாக ஆடினாலும், ஸ்டாப் வாட்ச் ஓடினாலும் பாதியில் நின்றாலும், ரெக்கார்டு நோட்டில் எல்லோருக்கும் ஜி மதிப்பு 980 வந்துவிடும்! விடையை முதலில் எழுதிவிட்டு ரீடிங்கை அப்புறம் எழுதினால் வராமல் எங்கே போகும்? இதற்கு 'குக் பண்றது' என்று பெயர் வேறு. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், சென்னையில் ஜி சுமார் 978.3 தான். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் குறைவு. அதாவது எல்லோரும் சேர்ந்து சமைக்கிற விடை நம்ம ஊர் விடையே இல்லை!

"இதனால யாருக்குடா நஷ்டம்?" என்று கேட்பீர்கள். விடை புத்தகத்தில் இருக்கிற வரை நஷ்டம் தெரியாதுதான். விடை உலகத்தில் யாருக்குமே தெரியாத ஒரு அளவீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

வானத்திலிருந்து ரேடியோ அலைகள் வருகின்றன என்பது 1930-களிலேயே தெரியும். ஆனால் சரியாக எந்தப் புள்ளியிலிருந்து வருகின்றன என்று சொல்ல முடியவில்லை. தீபாவளி சமயத்தில் ரங்கநாதன் தெருவில் ஒரு பீப்பி சத்தம் கேட்டால், எந்தப் பையன் ஊதுகிறான் என்று சொல்ல முடியுமா? அந்த மாதிரிதான். காரணம் அலைநீளம். ஒளி அலை மிகச் சிறியது, அதனால் நம்ம கண்ணே சுமார் 1 கலை வரை பிரித்துப் பார்த்துவிடும். (60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை. மயிலாப்பூர் மாட வீதியில் விற்கிற பஞ்சாங்கத்தில் இருக்கிற அதே கணக்கு.) ரேடியோ அலையோ ஒரு மீட்டர் நீளம் கூட இருக்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கிற ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிசு இருந்தும் நீளவாக்கில் சுமார் 6 கலைதான் பிரிக்கும். அகலவாக்கில் இன்னும் மோசம், 2 பாகை! நாலு முழு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். நம்ம கண்ணை விட மங்கல்.

அப்புறம் எதற்குக் கட்டினார்கள்? அங்கேதான் நிலா வருகிறது. நிலா வானத்தில் நகரும்போது வழியில் இருக்கிற ரேடியோ மூலங்களை மறைக்கும். மறைத்த நொடியில் சிக்னல் விழும், விலகிய நொடியில் மறுபடி ஏறும். நிலாவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது கணக்கில் துல்லியமாக இருக்கிறது. மறைந்த நேரத்துக்கு ஒரு வளைகோடு, தோன்றிய நேரத்துக்கு ஒரு வளைகோடு போட்டால் இரண்டும் வெட்டுகிற இடத்தில்தான் மூலம். வெட்டுகிற இடம் இரண்டு வரும், தோராய இடம் முன்னமே தெரியும் என்பதால் ஒன்றைத் தள்ளிவிடலாம். நிலா ஒரு நொடிக்கு நகர்வது சுமார் அரை விகலை. ஆகவே நேரத்தை ஒரு நொடிக்குள் குறித்தால் இடமும் விகலை அளவுக்குக் கிடைத்துவிடும். ஒரு விகலை எவ்வளவு தெரியுமா? மயிலை தெப்பக்குளப் படியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு, திருவான்மியூர் கோயில் வாசலில் நின்று பார்த்தால் அந்த நாணயம் ஏறக்குறைய அந்த அளவு!

பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் இதற்காகவே இந்தத் தொலைநோக்கியைக் கட்டி 1970-ல் முடித்தார்கள். இடம் தேடிய விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊட்டியின் அட்சரேகை 11 பாகை சொச்சம். அதே அளவு சாய்வு உள்ள, வடக்கு தெற்காக ஓடுகிற மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அந்தச் சரிவில் படுக்க வைத்ததால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நிலாவைப் பின்தொடரலாம். மலையையே கருவியின் ஒரு பாகமாக்கிவிட்டார்கள்!

இதே முறையில் 1962-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹஸார்ட் குழுவினர் 3சி 273 என்ற மூலத்தை அளந்தார்கள். கிடைத்தது ஒரு மூலம் அல்ல, சுமார் 20 விகலை இடைவெளியில் இரண்டு. அதில் ஒன்று சாதாரண நட்சத்திரம் மாதிரி தெரிகிற ஒரு புள்ளி மேல் விழுந்தது. அடுத்த வருடம் மார்ட்டன் ஷ்மிட் அந்தப் புள்ளியின் நிறமாலையைப் படித்தபோது, அது 200 கோடி ஒளி ஆண்டுக்கும் அப்பால் இருப்பது தெரிந்தது. அதுதான் முதலில் அடையாளம் தெரிந்த குவாசர்.

இப்போது யோசியுங்கள். சிக்னல் தாளில் கோடு திரைச்சீலை மாதிரி சட்டென்று விழாது. நிலா விளிம்பில் அலை வளைவதால் ஏறி இறங்கித் தளும்பும். "ஒரு மூலம்தானே, ஒரு இறக்கம்தான் வரணும்" என்று யாராவது அந்தத் தளும்பலைச் சமன் செய்து அழகாக வரைந்திருந்தால்? "இந்த நேரம் சரியா வரலை, பத்து நொடி தள்ளிப் போடு" என்றிருந்தால்? பத்து நொடி என்றால் ஐந்து விகலை. கை வேறு நட்சத்திரத்தைக் காட்டியிருக்கும். யாரும் வந்து 'தப்பு' என்று சிவப்பு மையில் சுழித்திருக்கவும் மாட்டார்கள். புத்தகத்தில் விடை இல்லையே!

ஊட்டியில் இப்படி நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்தார்கள். மங்கலான மூலங்களின் அளவுகளை வைத்து, பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதற்கு 1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் சான்று காட்டினார்கள். இன்று கண்டம் விட்டுக் கண்டம் தொலைநோக்கிகளைச் சேர்த்து இன்னும் நுட்பமாக அளக்கிறார்கள். 2019-லிருந்து வானத்தின் வரைபடத்துக்கே அச்சாணி 303 ரேடியோ மூலங்கள்தான். பூமி எப்படிச் சுழல்கிறது என்பதை அவற்றை வைத்து அளப்பதால்தான் ஜி.பி.எஸ். கணக்கும் சரியாக வருகிறது.

இதெல்லாம் பெரிய விஞ்ஞானிகள் சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் பழைய மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அங்கே டெய்லர் என்பவர் 11,015 நட்சத்திரங்களின் இடங்களை அளந்து, 1844-ல் பட்டியல் வெளியானது. ரேடியோவும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. அங்கே உதவியாளராக இருந்த நம்ம ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். போன தடவை பார்த்த ஒளியும் இந்தத் தடவை பார்த்த ஒளியும் ஒத்துப்போகவில்லை என்பதுதானே அந்தக் கண்டுபிடிப்பே! ஒத்துப்போகிற மாதிரி எழுதியிருந்தால் அது வெறும் இன்னொரு நட்சத்திரம்.

"மார்க் போயிடுமே" என்பது நியாயமான பயம். அதனால் ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை: இந்த டெர்மில் ஒரே ஒரு சோதனைக்காவது விடைக்கு மார்க் வேண்டாம் சார். ரீடிங்கை பேனாவால் நேராக நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அடித்தால் அடித்தது தெரியட்டும். 962 வந்தால் 962. ஏன் வந்தது என்று நாலு வரி எழுதினால் அதற்கு மார்க் கொடுங்கள். நூலின் நீளத்தைக் குண்டின் நடு வரை அளந்தானா, மேல் வரை அளந்தானா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

இன்னொன்று. இந்த வருடமும் டூர் ஊட்டிக்குத்தான் என்று பேச்சு அடிபடுகிறது. பொட்டானிகல் கார்டன், போட் ஹவுஸ் எல்லாம் இருக்கட்டும். முத்தோரைக்கு ஒரு அனுமதிக் கடிதம் இப்போதே போட்டு வைக்கலாமே?