கல்லை எடுத்தாயிற்று; தண்ணீருக்கு என்ன வழி?

குரோம்பேட்டையில் ஜவுளிக் கடை ஒன்றில் பணிபுரியும் பெண்ணை அண்மையில் சந்தித்தேன். சிறுநீரகக் கல்லுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, மூன்றே வாரங்களில் வேலைக்குத் திரும்பியவர். ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்ற ஒற்றை வரி அறிவுரையுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். கடையின் கழிப்பறையோ நான்காவது தளத்தில் இருக்கிறது. போய்வர மேற்பார்வையாளரின் அனுமதி வேண்டும். அதனால் பகல் முழுவதும் அவர் ஒரு குவளைக்கு மேல் குடிப்பதில்லை.

முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறை 1976இல் சுவீடனில் தொடங்கியது. அதிர்வலையால் உடைக்கும் முறை 1980இல் மியூனிக்கில் வந்தது. இன்று இரண்டும் நம் ஊர்களில் வழக்கமான சிகிச்சைகள். ஆனால், கல் உருவாகும் உடல் மாறுவதில்லை. அதை மாற்ற முயலும் மருந்தில்லா மறுவாழ்வுக்குத்தான் இங்கு ஆளில்லை.

தண்ணீர் என்பது பாட்டி வைத்தியம் அன்று. முதன்முறை கல் வந்த 199 பேரை இத்தாலியின் பார்மா நகர மருத்துவர்கள் ஐந்தாண்டுகள் கண்காணித்து, 1996இல் முடிவுகளை வெளியிட்டனர். நாளொன்றுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழியும் அளவுக்குக் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கே மீண்டும் கல் வந்தது; மற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கு. பாலையும் தயிரையும் நிறுத்தும் நம் வீட்டு வழக்கத்தையும் அதே மருத்துவர்கள் 2002இல் பொய்யாக்கினர். கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, அதை வழக்கம்போல் உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே கல் குறைவாகத் திரும்பியது. ஒதுக்க வேண்டியது ஊறுகாயையும் அப்பளத்தையும், தயிரை அன்று. (வாழைத்தண்டுச் சாற்றைப் பழிக்க மாட்டேன், அதன் வழியாகவும் தண்ணீர்தானே உள்ளே போகிறது!)

அறுவை சிகிச்சை முடிந்தவுடன் எழுந்து நடப்பது, முதுகில் துளையிட்டவர்களுக்கு மூச்சுப் பயிற்சி, உள்ளே வைத்த டிஜே ஸ்டென்ட்டை உரிய நாளில் அகற்ற நினைவூட்டுவது ஆகியவற்றுக்கும் பெரும் செலவில்லை. ஸ்டென்ட்டை மறந்தால் அதன்மேலேயே கல் படியும்; இன்னொரு அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் விடும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. சர்க்கரை நோயாளியைத் தேடிச் செல்லும் அதே பணியாளர், கல் அகற்றப்பட்டவரையும் மாதம் ஒருமுறை பார்த்து, குடிக்கும் அளவையும் ஸ்டென்ட் அகற்றும் தேதியையும் கேட்டால் போதும்.

ஆனால், வீட்டோடு இது முடிவதில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 2021இல் கேரளத்தைப் பின்பற்றித் தமிழகமும் சட்டம் திருத்தியது. நாற்காலி இருக்கிறதா என்று பார்க்க வரும் தொழிலாளர் துறை அலுவலர், கழிப்பறைக்குப் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றும் அந்தப் பெண்களிடம் தனியே விசாரிக்க வேண்டும். அறுவை சிகிச்சை நிபுணரும் விடுவிப்புச் சீட்டில், ‘பணியிடத்தில் தடையின்றித் தண்ணீரும் கழிப்பறையும் தேவை’ என்று எழுதிக் கையொப்பமிடலாம். மருத்துவரின் சீட்டுக்கு மேற்பார்வையாளர்கள் ஓரளவேனும் பணிவார்கள்.

நான் சந்தித்த பெண்ணுக்கு அப்படியொரு சீட்டு இல்லை. அடுத்த மாதம் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு விடுப்பு கிடைக்குமா என்பதே இப்போதைக்கு அவருடைய கவலை.