பேய்ப்படத்தைத் திட்டுகிறவர்கள் பிரம்பையும் கொஞ்சம் பாருங்கள்



தண்ணீரூற்று உறவுகளே, கொஞ்ச நாளாக எங்களிடம் ஒரே முறைப்பாடு. "சேர், பிள்ளைகள் போனில் சீனப் பேய்ப்படம் பார்த்துக் கெட்டுப்போகுதுகள். அடிபிடி, காதல், பேய் மூன்றும் ஒரே படத்தில. பள்ளிக்கூடத்தில கண்டியுங்கோ." இடைவேளையில் நெற்றியில் கடதாசி ஒட்டிக்கொண்டு, கையை முன்னுக்கு நீட்டித் துள்ளித் துள்ளிப் போகிற பிள்ளைகளை நாங்களும் பார்க்கிறோம்தான். ஆனால் கண்டிக்க வேண்டிய இடம் வேறு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் படங்கள் என்ன என்று பார்ப்போம். 1985 இல் ஹொங்கொங்கில் 'மிஸ்டர் வம்பயர்' என்று ஒரு படம் வந்தது. லாம் சிங்-யிங் அதில் மந்திரவாதி. துள்ளிவரும் பிணத்தின் நெற்றியில் மஞ்சள் கடதாசியை ஒட்டினால் அது அப்படியே நின்றுவிடும். மூச்சை அடக்கினால் அதற்கு ஆளைத் தெரியாது. படம் நன்றாக ஓடியதும் அதைப் பார்த்துக் குறைந்த செலவில் எத்தனையோ படங்கள் எடுத்துத் தள்ளினார்கள். அவை தமிழ்க்குரலோடு இன்று நம் பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. பறக்கிறவன் கம்பியில் தொங்குகிறான் என்பது ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டுப் பாருங்கள், விளக்கமே சொல்லும்.

1987 இல் வந்த 'ஏ சைனீஸ் கோஸ்ட் ஸ்டோரி' இன்னும் கவனிக்க வேண்டியது. அதன் மூலக்கதையை எழுதியவர் பூ சொங்லிங். 1715 இல் இறந்த சீன எழுத்தாளர். மேல் பரீட்சைகளில் திரும்பத் திரும்பத் தோற்று, பிள்ளைகளுக்குப் படிப்பித்தே காலத்தை ஓட்டிய ஒரு வாத்தியார். படத்தில் வரி அறவிடுகிற ஏழை இளைஞன் ஒருவன் பாழடைந்த கோயிலில் தங்குகிறான். அங்கே ஒரு பேய்ப்பெண். ஆண்களை மயக்கி இழுத்துவரச் சொல்லி ஒரு மரப்பூதம் அவளை அடிமையாக வைத்திருக்கிறது. இளைஞனும் வாள்வீரன் ஒருவனும் உயிரைப் பணயம் வைத்துப் போராடுவது அவளை அழிக்க அல்ல, மீட்க. பேயாக வந்தவளிடமும் அந்தப் படம் இரக்கம் காட்டுகிறது.

இனி நம் பக்கம் பார்ப்போம். ஒரு குமர்ப்பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறாள், இரவில் அழுகிறாள், யாரையோ விரும்புகிறாள் என்று தெரியவருகிறது. உடனே "ஜின் பிடிச்சிட்டு" என்கிறோம். உம்மாவும் வாப்பாவும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னமே யாரோ ஒரு பரிசாரியின் விலாசம் வந்துவிடும். கடதாசியில் எழுதிக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பான், தாயத்துக் கட்டுவான், சாம்பிராணி போடுவான், காசு வாங்குவான். சில இடங்களில் பிரம்பும் எடுப்பான். சீனப்படத்தில் நெற்றியில் ஒட்டுகிற கடதாசியைப் பார்த்து "ஷிர்க்" என்று துள்ளுகிற நாம், கழுத்தில் கட்டுகிற கடதாசிக்கு மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

ஜின் என்ற படைப்பு உண்டு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. குர்ஆனில் அந்தப் பெயரிலேயே ஒரு சூரா இருக்கிறது. நோயாளிக்கு ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் மார்க்கத்தில் உள்ளவை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கதவைப் பூட்டி, பிள்ளையின் தலைமயிரைப் பிடித்து, "பேர் சொல்லு" என்று அடிப்பது எந்த மார்க்கம்? குறி பார்க்கிறவனிடம் போவதை நபியவர்கள் எவ்வளவு கடுமையாகத் தடுத்தார்கள் என்பதை ஜும்ஆவில் கேட்டுவிட்டு, அஸருக்குப் பிறகு அவனுடைய வாசலில் போய் நிற்கிறோம்.

இது விளையாட்டல்ல. 2021 இல் கம்பஹா மாவட்டம் தெல்கொடையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, பேயோட்டுவதாகச் சொல்லிப் பிரம்பால் அடிக்கப்பட்டு இறந்தாள். அடித்த பெண்ணோடு பிள்ளையின் தாயையும் பொலிஸ் கைதுசெய்தது. அந்தத் தாயும் பிள்ளை சுகப்பட வேண்டும் என்றுதான் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். இந்த வியாபாரம் எல்லாச் சமூகத்திலும் நடக்கிறது. அதற்கு மதபேதமே கிடையாது.

நமது ஊர் 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் பிள்ளை வளர்த்து, 2009 இற்குப் பிறகு காடு வெட்டித் திரும்பவும் குடியேறிய ஊர். பக்கத்து ஊர்களும் போரில் இழக்காதது ஒன்றுமில்லை. இவ்வளவைத் தாங்கிய மண்ணில் மனம் சோர்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். துக்கத்துக்கெல்லாம் ஜின் என்று பெயர் வைத்தால் துக்கம் ஆறாது, பரிசாரியின் வீடு மட்டும் மாடி வீடாகும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். போனைப் பறிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து கூடப் பாருங்கள், எது கம்பி, எது கட்டுக்கதை என்று பேசுங்கள். பேசுகிற பிள்ளை நாளைக்குத் தன் மனக்கஷ்டத்தையும் உங்களிடம்தான் சொல்லும். சண்டை பழகிவிடும் என்று பயமானால், கிழக்கில் நம்மவர்கள் சீனடி, சிலம்பம் பழக்குவதுபோல ஒரு நல்ல உஸ்தாதைப் பிடித்து ஒழுங்காகப் பழக்குவோம். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் ஓதிப் பாருங்கள். ஓதிவிட்டு மாஞ்சோலை வைத்தியசாலைக்கும் கூட்டிப்போங்கள். மனநல உதவிக்கு 1926. பிள்ளையை யாராவது அடித்தால் 1929. இரண்டு இலக்கத்தையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகமும் உலமாக்களும் ஒரு ஜும்ஆவை இதற்கு ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் பார்க்கிற பேய் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பெரியவர்கள் காசு கொடுத்து வீட்டுக்குள் கூட்டிவருகிற பேயை முதலில் விரட்டுவோம்.