விளக்குக் கம்பத்தைப் படிச்சுட்டு ஓடுங்க!

எம்.எஸ். படிக்க நியூயார்க் போறவங்க பெட்டியில பிரஷர் குக்கர், பருப்புப்பொடி, ஊறுகாய்னு சகலமும் ஏறிடும். எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க இந்த வருஷம் கூடவே ஒரு ஜோடி ரன்னிங் ஷூவும் வெச்சாங்க. உடனே அவங்க அம்மா, "விடியக்காலையில சென்ட்ரல் பார்க்ல தனியா ஓடப்போறியா? வேணவே வேணாம்டி!"ன்னு ஒரே போடு.

'வேணாம்'னு சொல்றது ரொம்ப ஈஸி. ஆனா, அது பாதுகாப்பு ஆகிடுமா?

முதல்ல பார்க்கோட சைஸைப் பாருங்க. 843 ஏக்கர்! 59-வது தெருவுல ஆரம்பிச்சு 110-வது தெரு வரைக்கும் நீளுது. உள்ளே ஒரு முழு ரவுண்டு வந்தா கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். 2018 ஜூன்லேர்ந்து அந்த ரோட்டுல கார்களுக்குத் தடா. 1970-ல முதல் நியூயார்க் மாரத்தான் நடந்ததே இந்த பார்க்கைச் சுத்திச் சுத்தித்தான். 127 பேர் கிளம்பி, 55 பேர்தான் முடிச்சாங்க. இன்னிக்கும் ஓடுறவங்க கூடுற இடம், கிழக்குப் பக்கம் 90-வது தெரு வாசல். அந்த வாசலோட பேரு என்ன தெரியுமா? 'இன்ஜினீயர்ஸ் கேட்'. காலரைத் தூக்கி விட்டுக்கங்க பாஸ்!

ஆனா, அம்மாக்கள் பயப்படறதுலயும் நியாயம் இருக்கு. 1989 ஏப்ரல் 19 ராத்திரி, இங்கே ஓடப் போன ட்ரிஷா மெய்லிங்கிற 28 வயசுப் பொண்ணு கொடூரமா தாக்கப்பட்டாங்க. ஊரே கொதிச்சுது. 14-லேர்ந்து 16 வயசுக்குள்ள இருந்த கறுப்பின, லத்தீன் பசங்க அஞ்சு பேரைப் பிடிச்சு உள்ளே தள்ளிட்டாங்க. 2002-ல உண்மையான குற்றவாளி தானே வாயைத் திறந்தான். டி.என்.ஏ.வும் அவனோடதுதான். அஞ்சு பேர் தண்டனையும் ரத்து. ஆனா, ஜெயில்ல போன வயசு திரும்பி வருமா? 2022-ல பார்க்கோட வடக்கு வாசல் ஒண்ணுக்கு, அவங்க நினைவா 'குற்றம் நீங்கியவர்களின் வாசல்'னு அர்த்தம் வர்ற பேரை வெச்சாங்க.

ட்ரிஷா என்ன ஆனாங்க? 1995-ல நியூயார்க் மாரத்தானையே ஓடி முடிச்சாங்க. சல்யூட்!

இதுலேர்ந்து எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். பயமும் அவசர யூகமும் யாரையும் காப்பாத்தாது. தெளிவான தகவல் காப்பாத்தும்.

அந்தத் தகவல் பார்க்குக்குள்ளேயே நட்டு வெச்சிருக்கு, விளக்குக் கம்பத்துல! ஒவ்வொரு கம்பத்துலயும் நாலு இலக்க நம்பர் இருக்கும். முதல் ரெண்டு இலக்கம், பக்கத்துல இருக்கிற தெரு. கடைசி இலக்கம் ஒற்றைப்படைன்னா மேற்குப் பக்கம், இரட்டைப்படைன்னா கிழக்கு. உதாரணமா 7803-ன்னு இருந்தா, நீங்க நிக்கிறது 78-வது தெருவுக்கு நேரா, மேற்குப் பக்கம். 911-க்கு போன் பண்ணி "இங்கே நிறைய மரம் இருக்கு"ன்னு அழுதா, 843 ஏக்கர்ல எந்த மரம்னு தேடுவாங்க? நாலு நம்பர் சொன்னா ஆள் வந்து நிப்பாங்க. செல்போன் காட்டுற லொகேஷன் கொஞ்சம் தள்ளிப் போகலாம். கம்பம் நகராது!

இன்னும் சில டிப்ஸ்:

* பார்க் திறக்கிறது காலையில 6 மணிக்கு. டிசம்பர்ல அங்கே சூரியன் எட்டிப் பார்க்கவே 7 மணி தாண்டிடும். அதனால அங்கே 6 மணிங்கிறது ராத்திரி மாதிரிதான். வெளிச்சம் பட்டா மின்னுற பட்டை வெச்ச டிரெஸ் மஸ்ட்.

* இருட்டுல பெரிய ரவுண்டு ரோட்டை விட்டு இறங்காதீங்க. 'ராம்பிள்', 'நார்த் வுட்ஸ்' எல்லாம் அடர்ந்த காடு மாதிரி. வெயில் வந்தப்புறம் ரசிக்கலாம்.

* தினமும் நிஜமா இடிக்க வர்றது சைக்கிள்கள்தான். ஓடுறவங்களுக்கான லேன்லயே ஓடுங்க. குறுக்கே போறதுக்கு முன்னாடி திரும்பிப் பாருங்க.

* ஒரு காதாவது ஃப்ரீயா இருக்கட்டும். பின்னாடி மணி அடிச்சா கேக்கணும்ல?

* எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு ரூம்மேட்கிட்ட சொல்லிட்டுக் கிளம்புங்க.

ஒரு விஷயம். இவ்வளவும் செஞ்சும் ஒருத்தங்களுக்கு ஏதாவது நடந்தா, அது ஓடப் போனவங்க தப்பு இல்ல. தப்பு, செஞ்சவன் மேலதான். ஜாக்கிரதையா இருக்கிறது வேற, பழியைச் சுமக்கிறது வேற.

'நியூயார்க் கதை நமக்கெதுக்கு'ன்னு நினைக்கிறவங்களுக்கு... நம்ம ஊர் மின்கம்பங்கள் பலதுலயும் நம்பர் எழுதியிருக்கும். நாளைக்குக் காலையில கிரவுண்டுக்கோ பார்க்குக்கோ போற வழியில ரெண்டு நம்பரை மட்டும் மனசுல ஏத்திக்கங்க. ஒண்ணு, கம்பத்து நம்பர். இன்னொண்ணு, 112.

அப்புறம் என்ன, லேஸைக் கட்டுங்க!