அப்பா போன் முதலில்!

"ஒரு வாய் வாங்கிக்கோடா கண்ணா... செல் தர்றேன்!"

சென்னையில் எந்தத் தெருவில் நடந்தாலும் ராத்திரி 8 மணிக்கு இந்தக் குரல் கேட்கிறது. ஒண்டுக்குடித்தனமோ, அடுக்குமாடியோ, வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

குழந்தை படத்தைப் பார்க்கிறது. வாய் தானாகத் திறக்கிறது. சோறு உள்ளே போகிறது. வயிறு நிறைந்ததா, இல்லையா? அதற்கே தெரியாது.

தாயைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வேலைக்குப் போய், பஸ்சில் நசுங்கி வீடு வந்து, அவள்தான் அடுப்பும் பற்றவைக்க வேண்டும். பிள்ளையை யார் பார்ப்பது? பாட்டி ஊரில் இருக்கிறாள். செல்போன் கையில் இருக்கிறது!

2 வயது ஆகும்வரை செல்போன், டி.வி. எதுவும் காட்ட வேண்டாம். 2 வயது முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இப்படிச் சொன்னது. அடுத்த வருஷமே கொரோனா வந்து, பள்ளிக்கூடம் செல்போனுக்குள் புகுந்தது. பாடத்துக்கு வாங்கிய போன், பாடம் முடிந்த பிறகும் பிள்ளை கையை விட்டுப் போகவில்லை.

சென்னைக்கு டி.வி. வந்தது 1975-ல். அப்போதும் "பிள்ளைகள் கெட்டுப் போகும்" என்றார்கள். ஆனால், அந்த டி.வி.க்கு ஒரு நல்ல குணம் இருந்தது. ராத்திரி ஆனால் நிகழ்ச்சி முடிந்துவிடும். பெட்டியை மூடித்தான் ஆகவேண்டும்! செல்போனுக்கு அந்தக் குணம் கிடையாது. ஒரு படம் முடிந்த கையோடு அடுத்த படம் தானாக வந்து நிற்கிறது. "ஆட்டோபிளே" என்று அதற்கு ஒரு பொத்தான் உண்டு. இன்றைக்கே அணைத்து வையுங்கள்.

வெடுக்கென்று மட்டும் பிடுங்காதீர்கள்! பிள்ளை கத்தும். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். நீங்களே திருப்பிக் கொடுப்பீர்கள். கத்தினால் போன் வரும் என்று அது தெரிந்துகொள்ளும். "இந்தப் பாட்டு முடிந்ததும் வைத்துவிட வேண்டும்" என்று கொடுக்கும்போதே சொல்லுங்கள். முடிந்ததும் வாங்கிவிடுங்கள். சில நாள் அழத்தான் செய்யும்.

அப்பாமார்களே! ஆபீஸ் விட்டு வந்து, சுவரில் சாய்ந்து "ரீல்ஸ்" தள்ளிக்கொண்டே "படிடா" என்றால், எவன் படிப்பான்? சாப்பாட்டு வேளையில் வீட்டில் உள்ள எல்லாச் செல்போனும் அலமாரி மேல் ஏறட்டும். அப்பா போன் முதலில்!

சரி, போனை வாங்கியாயிற்று. பிள்ளை எங்கே போகும்? தெரு முழுக்க வண்டி. வெளி வெளிச்சத்தில் ஓடி ஆடும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று கண் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஓடி ஆட இடம் வேண்டாமா? பூங்காவுக்குப் போனால், "இங்கே பந்து விளையாடக் கூடாது" என்று பல இடங்களில் போர்டு தொங்குகிறது!

நடைப்பயிற்சிக்காரர்கள் கோபிக்கக் கூடாது. சாயங்காலம் 4 மணி முதல் 7 மணி வரை, ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு மூலையைப் பிள்ளைகளுக்கு விட்டால் என்ன?

மாநகராட்சி கமிஷனர் கவனிப்பாரா?