ஆளுக்கு ஐந்து நிமிடம்

ஒரு கூட்டத்தில் யார் பெரியவர் என்று தெரிந்துகொள்ள அழைப்பிதழைப் புரட்ட வேண்டியதில்லை. துண்டுச் சீட்டு யாரிடம் போகிறது என்று பார்த்தால் போதும். தலைமை வகிப்பவர் நாற்பது நிமிடம் பேசுவார். அதில் பத்து நிமிடம் மேடையில் இருப்பவர்களை ‘அவர்களே, அவர்களே’ என்று விளிப்பதிலேயே போய்விடும். சிறப்புரை ஆற்றுபவருக்குக் கடிகாரமே கிடையாது. பிறகு, பாதிக்கப்பட்ட கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த ஒரு பெண் மைக் முன்னால் வருவார். அவர் வாய் திறந்த மூன்றாவது நிமிடத்தில் பின்னாலிருந்து சீட்டு நகரும்: ‘சுருக்கமாக முடிக்கவும்.’ இல்லையென்றால், அவருக்கு நன்றியுரை கொடுத்திருப்பார்கள். அப்போது பாதி நாற்காலி காலியாகியிருக்கும்.

இது ஆதிக்க சாதிச் சங்க மேடைகளின் கதை மட்டுமில்லை. நம் மேடைகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். சாதி ஒழிப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசுபவர், தனக்குப் பின் பேச வேண்டிய ஆறு பேரின் நேரத்தைத் தின்றுகொண்டிருப்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நேரத்தை யார் தாராளமாகச் செலவழிக்கலாம், யார் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டும் என்பதும் ஒரு வரிசைதான். அதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை.

அதனால்தான் குறும்பேச்சு மாலைகள் என்ற வடிவத்தைப் பற்றி முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு அது பிடித்துப்போனது. 2003இல் டோக்கியோவில் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைத்தம் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் ‘பெச்சாகுச்சா’ இரவுகளைத் தொடங்கினார்கள். ஜப்பானியத்தில் அந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய நம் ‘சளசள’தான் பொருள். மைக்கைக் கொடுத்தால் கட்டடக் கலைஞர்கள் நிறுத்தவே மாட்டார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். (அவர்கள் நம் இலக்கியக் கூட்டங்களுக்கு வந்ததில்லை போலிருக்கிறது.) 20 ஸ்லைடுகள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி, மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. 2006இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிராடி ஃபாரஸ்டும் ப்ரீ பெட்டிஸும் ‘இக்னைட்’ மாலைகளைத் தொடங்கி இதை இன்னும் இறுக்கினார்கள். ஒரு ஸ்லைடுக்கு 15 விநாடி, ஆளுக்கு ஐந்து நிமிடம். ஸ்லைடு தானாக நகரும். பேசுபவர் கையில் பொத்தான் கிடையாது. ‘எங்களுக்கு அறிவூட்டுங்கள், ஆனால் சீக்கிரம்’ என்பது அவர்கள் முழக்கம். ஒரே மாலையில் பத்துப் பதினைந்து பேர் பேசிவிடலாம். தேனீ வளர்ப்பும் இருக்கும், கணினி நிரலும் இருக்கும், அப்பாவின் மரணமும் இருக்கும்.

இயந்திரத்துக்குப் பேராசிரியரைத் தெரியாது. மாவட்டச் செயலாளரையும் தெரியாது. 15 விநாடி முடிந்தால் படம் மாறிவிடும். நிதானமாகப் பேசினால் அந்த 15 விநாடியில் எனக்கு 25 சொற்கள் போல வருகின்றன. ஒருவரை இரண்டு அடைமொழிகளோடு விளித்தாலே முதல் படம் போய்விடும்! பொன்னாடை போர்த்த நேரமில்லாத ஒரு மேடை என்பது தமிழ்நாட்டில் சின்ன விஷயமில்லை.

ஆனால் கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். மைக் முன்னால் வந்த பிறகுதான் அது ஓடத் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடப்பதற்குக் கடிகாரம் சாட்சி இல்லை.

உத்திரமேரூர்க் குடவோலையை நினைத்துக்கொள்ளலாம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்தார்கள். தமிழரின் ஜனநாயகம் என்று பாடப்புத்தகத்திலிருந்து பட்டிமன்றம் வரை இதைப் பெருமையாகச் சொல்கிறோம். குலுக்கலில் குறையே சொல்ல முடியாதுதான். ஆனால் ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அது ஒரு பிரம்மதேய ஊரின் சபை. குடத்துக்குள் எல்லா ஓலையும் சமம். குடத்துக்கு வெளியே நின்றவர்களைப் பற்றிக் குடத்துக்குக் கவலையில்லை.

குறும்பேச்சு மாலைகளிலும் குடத்துக்கு வெளியேதான் வேலை நடக்கிறது. யாருக்கு அறிவிப்பு போகிறது, எந்த மொழியில் போகிறது, கூட்டம் எந்தத் தெருவில், நுழைவுக்குப் பணம் உண்டா, ஒரு காபி குடிக்காமல் உட்கார முடியாத இடமா, விண்ணப்பங்களைப் படித்து ‘சுவாரசியமானது’ என்று தேர்வு செய்வது யார்? இத்தனையும் தாண்டி வந்தவர்களுக்குத்தான் ஐந்து நிமிடம் சமம்.

வந்துவிட்டால் மட்டும் சமமா என்றால், அதுவும் இல்லை.

நான் ஆய்வு செய்வது பஞ்சமி நில ஆவணங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தில், முனைவர் பட்ட ஆய்வை மூன்றே நிமிடத்தில் சொல்லும் போட்டியில் கலந்துகொண்டேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய வடிவம் அது. ஒரே ஒரு ஸ்லைடு, மூன்று நிமிடம். எனக்கு முன் பேசியவர் சர்க்கரை நோய் பற்றிப் பேசினார். சர்க்கரை நோய் என்றால் என்ன என்று அவர் விளக்கவில்லை; விளக்கத் தேவையும் இல்லை. அரங்கில் இருந்த எல்லார் வீட்டிலும் ஒரு சர்க்கரை நோயாளி உண்டு. முதல் விநாடியிலேயே தன் ஆய்வுக்குள் போய்விட்டார்.

நான் எங்கிருந்து தொடங்குவது? பஞ்சமி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதியதைச் சொல்ல வேண்டும். 1892இல் அரசாணை வந்தது. அதையொட்டி சுமார் 12 லட்சம் ஏக்கர் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்க முடியாது, அதன் பிறகும் தலித் அல்லாதவர்களுக்கு விற்க முடியாது என்று நிபந்தனை இருந்தது. இவ்வளவையும் சொன்ன பிறகுதான், அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்ற என் கேள்வியே தொடங்குகிறது. அதற்குள் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டதைச் சொல்ல எனக்கு விநாடி மிஞ்சவில்லை. நடுவர்களில் ஒருவர் பிறகு வந்து அன்பாகவே கேட்டார்: “இதெல்லாம் இப்பவும் இருக்கா?”

இரண்டு பேருக்கும் மூன்று நிமிடம்தான். ஆனால் அவருக்கு அரங்கம் முன்னமே சில மணி நேரத்தைக் கடனாகக் கொடுத்திருந்தது. கேட்பவர் மனதில் ஏற்கெனவே இருப்பதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் அந்தக் கடன். அக்ரகாரத்துக் காபியையோ பாட்டி வீட்டுக் கொலுவையோ பற்றி ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால், நம் சினிமாவும் வார இதழ்களும் பல பத்தாண்டுகளாக அதற்கு முன்னுரை எழுதி வைத்திருக்கின்றன. மாட்டிறைச்சிச் சமையல் பற்றிப் பேசுபவர் முதலில் அரங்கின் முகச்சுளிப்பைக் கடக்க வேண்டும். அதற்கே நான்கு ஸ்லைடு. மலக்குழி மரணங்களைப் பற்றிப் பேசுபவர், 2013இல் சட்டம் போட்ட பிறகும் அது தொடர்கிறது என்று நிரூபிப்பதிலேயே பாதி நேரத்தைக் கொடுத்துவிடுவார். குறும்பேச்சின் உண்மையான அளவு விநாடி அல்ல, கேட்பவருக்கும் பேசுபவருக்கும் இடையிலுள்ள தூரம்.

இந்தத் தூரம் குறைந்தால் ஒரு நிமிடம்கூட என்ன செய்யும் என்பதற்கும் சியாட்டிலே உதாரணம். இக்னைட் பிறந்த அதே ஊர். 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம், க்ஷமா சாவந்த் கொண்டுவந்த சட்டத்தை 6-1 என்ற வாக்கில் நிறைவேற்றியது. சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரம் அது. வாக்கெடுப்புக்கு முன் பொதுமக்கள் பேசினார்கள். ஆதரித்தவர்கள் உண்டு, எதிர்த்தவர்கள் உண்டு. ஆளுக்குச் சொற்ப நேரம்தான். பெயர் கொடுத்த எல்லாருக்கும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சுகள் வெறுங்காற்றில் விழவில்லை. சிஸ்கோ நிறுவனத்தின் மீது 2020இல் கலிஃபோர்னியா அரசு போட்ட வழக்கு, பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் நடத்திய போராட்டங்கள், அம்பேத்கரிய அமைப்புகள் பல ஆண்டுகளாகத் துண்டறிக்கை துண்டறிக்கையாகச் செய்த வேலை எல்லாம் அந்த அரங்குக்கு முன்கூட்டியே பாடம் எடுத்திருந்தன. சாதி என்றால் என்ன என்று விளக்காமல், எனக்கு என்ன நடந்தது என்று நேரடியாகச் சொல்ல முடிந்தது. இன்னொன்று, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் வாக்கு இருந்தது. கைதட்டிவிட்டுக் கலையும் கூட்டம் இல்லை அது.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தையொட்டி கூகுளில் தேன்மொழி சௌந்தரராஜன் பேசவிருந்த கூட்டம் ரத்தானது. ஊழியர்கள் சிலர் அவரை இந்து விரோதி என்று சொல்லிப் புகார் கிளப்பினார்கள். பிரிவினையை உண்டாக்குகிறது என்று நிறுவனம் காரணம் சொன்னது. ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டார். உலகத்துக்கே பேச்சுகளைப் பதிவு செய்து வழங்கும் நிறுவனம் அது. அங்கே நேரம் ஒரு பிரச்சினையாக இருந்திருக்காது.

1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, உரையின் பிரதியைப் படித்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். மாநாட்டையே ரத்து செய்தார்கள். சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சடித்தார். அதுதான் ‘சாதி ஒழிப்பு’. சாதியை ஒழிக்கவே சங்கம் வைத்திருந்த சீர்திருத்த இந்துக்கள் அவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஐந்து நிமிடமோ ஐந்து மணி நேரமோ, பேசுபவர் பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் மேடை.

ஐந்து நிமிடத்தில் சொல்வதெல்லாம் நுனிப்புல் மேய்வது என்று நம் மூத்த தோழர்கள் சொல்லக்கூடும். சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரியார் மணிக்கணக்கில் பேசியதற்குக் காரணம் நேரம் போகாததல்ல. பள்ளிக்கூடத்துக்குள் விடப்படாதவர்களுக்கு அந்தப் பொதுக்கூட்டம்தான் பள்ளிக்கூடம். முன்னுரையையும் அவரே சொல்ல வேண்டியிருந்தது, பாடத்தையும் அவரே எடுக்க வேண்டியிருந்தது. 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில், உடல் முற்றிலும் தளர்ந்த நிலையிலும், தன் கடைசிப் பேச்சை அவர் சுருக்கிக்கொள்ளவில்லை. அந்த நீளம் மக்களுக்குத் தேவைப்பட்டது. நம் மேடைகளில் இன்று மிஞ்சியிருக்கும் நீளத்தில் எவ்வளவு மக்களுக்கானது, எவ்வளவு பேசுபவரின் பழக்கம் என்று பிரித்துப் பார்த்தால் சங்கடமாகத்தான் இருக்கும்.

ஆகவே இந்த வடிவத்தை எடுத்துக்கொள்வோம், பட்டியலை மாற்றுவோம் என்பதுதான் என் யோசனை. பேச விரும்புகிறவர்கள் பெயரை நுழைவாயிலிலேயே எழுதிப் போடட்டும். பாதி இடங்கள் அங்கேயே குலுக்கலில். இந்த முறை ஓலை எழுத நிலப்பட்டா கேட்க வேண்டாம். ஸ்லைடு கட்டாயமில்லை, மடிக்கணினி இல்லாதவர் ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து காட்டிப் பேசலாம். விளித்தல் கிடையாது. அவரவர் ஊர்ப் பேச்சு. முப்பது ஆண்டு இயக்க அனுபவம் உள்ளவருக்கும் ஐந்து நிமிடம்தான். அவருக்குத் துண்டுச் சீட்டு கொடுக்கும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. முன்னுரைச் சுமையைப் பேசுபவர் தலையில் ஏற்றக் கூடாது. பஞ்சமி என்றால் என்ன, இந்த வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதையெல்லாம் ஏற்பாட்டாளர்கள் ஒரு பக்கத்தில் அச்சடித்து நாற்காலிதோறும் வைக்கலாம். படிக்காதவர்களுக்காகத் தொடக்கத்திலேயே ஒருவர் வாசித்துவிடலாம். அவருக்கும் ஐந்து நிமிடம்.

கேள்வி நேரம் வேண்டுமா என்பதில் எனக்கு இரட்டை மனது. இக்னைட் மாலைகளில் பேச்சு முடிந்ததும் அடுத்தவர் ஏறிவிடுவார், கேள்விக்கு இடமில்லை. ‘இப்பவும் இருக்கா’, ‘அப்ப தகுதி என்னாவது’ போன்ற கேள்விகளிலிருந்து அது நம் பிள்ளைகளைக் காப்பாற்றும். ஆனால் எதிர்க்கேள்வி இல்லாமல் கைதட்டல் மட்டும் வாங்கிப் பழகுவதும் நமக்கு நல்லதல்ல. பேசியவர்கள் வாசலில் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு உட்காரட்டும், கேட்க விரும்புகிறவர்கள் போய்க் கேட்கட்டும் என்று ஒரு தோழர் சொன்னார். செய்து பார்க்கலாம்.

இடம்தான் பெரிய சிக்கல். அம்பேத்கர் பெயரில் நிகழ்ச்சி என்றால் மண்டபம் ‘ஏற்கெனவே புக்காகிவிட்டது’ என்று சொல்லும் ஊர்களில்தான் நம்மில் பலர் இருக்கிறோம். நகரத்துக் கஃபேக்களை நம்பி இதைத் தொடங்கினால் நகரத்துக் கஃபேக்காரர்கள்தான் வருவார்கள். சேரியின் இரவுப் பாடசாலை, நூலகம், சமுதாயக் கூடம் ஆகியவற்றில் ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு மின் இணைப்பும் இருந்தால் போதும். ஊர்த்தெருவில் இருப்பவர்கள் அங்கே நடந்து வந்து உட்கார்ந்து கேட்கட்டும். நம் ஊர்களில் அந்தத் திசையில் கூட்டத்துக்கு நடந்து வந்தவர்கள் குறைவு.