குளிரில் நின்று போகும் பழைய கார்



சித்தியவானில் குளிர் ஏது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஆண்டுக் கடைசியில் அடைமழை பிடித்துக் கொண்ட பிறகு, விடியற்காலை ஐந்தரை மணிக்கு லயத்து வாசலில் நிற்கும் பழைய காரைக் கிளப்பிப் பாருங்கள். கிளம்பும். செம்பனைக் காட்டு மண்சாலையைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வரும். முதல் சந்திப்பில் வேகத்தைக் குறைத்ததும் பொசுக்கென்று நின்றுவிடும். பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்துவார். ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். பட்டறைக்குக் கொண்டு போனாலோ, அங்கே மணிக்கணக்கில் நிற்காமல் ஓடிக் காட்டும்!

அடியோடு படுத்துவிட்ட காரைப் பழுது பார்ப்பது சுலபம். எப்போதாவது நிற்கும் கார்தான் ஏழையின் பணத்தைத் தின்னும். கோளாறு கண்ணில் படாதபோது பட்டறைக்காரர் என்ன செய்வார்? ஊகத்தில் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் எந்த மருந்தைத்தான் கொடுப்பார்?

நம் வட்டாரத்தில் ஒரு குடும்பம். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறார். தாயார் டவுனில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறார். அவர்களிடம் கைமாறி வந்த ஒரு பழைய புரோட்டோன் சாகா இருக்கிறது. 1985 ஜூலை 9-ஆம் நாள் வெளியான சாகாதான் நம் நாட்டின் முதல் தேசிய கார். மிட்சுபிஷி இஞ்சின், கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல். தோட்டத்துக் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு அதுவே முதல் கார். இவர்களுடைய சாகா காலையில் நிற்கத் தொடங்கியதும் பிளக் மாற்றினார்கள். பிறகு பேட்டரி. பிறகு காயில். பிறகு பெட்ரோல் பம்ப். 600 வெள்ளிக்கு மேல் கரைந்தது. தாயாருக்குத் தாமதத்தால் வருகைப்படி போனது. கார் மட்டும் முன்போலவே நின்றுகொண்டிருந்தது.

அந்த வீட்டில் ஆறாம் ஆண்டு படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் ஒரு பழைய கணக்கு நோட்டைக் கொடுத்து, கார் நிற்கும்போதெல்லாம் எழுதி வைக்கச் சொன்னேன். எத்தனை மணி, மழையா வெயிலா, புறப்பட்டு எவ்வளவு தூரம், நின்றபோது கார் ஓடிக்கொண்டிருந்ததா அல்லது சந்திப்பில் காத்திருந்ததா, டேங்கில் எண்ணெய் எவ்வளவு, சூடு காட்டும் முள் எங்கே இருந்தது, எவ்வளவு நேரத்தில் மறுபடி கிளம்பியது. இவ்வளவுதான். இரண்டு வாரத்தில் ஒரு பக்கம் நிரம்பியது.

இஞ்சின் எப்படி நின்றது என்பதையும் நோட்டில் எழுதவேண்டும். விளக்கை அணைத்தது போலச் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. தளர்ந்த பேட்டரி முனை, அரித்துப்போன எர்த் கம்பி, தேய்ந்த சாவித்துளை போன்றவை காரணமாகலாம். (வீட்டுச் சாவி, பூட்டுச் சாவி, சாமி படம் எல்லாவற்றையும் கார்ச் சாவியில் கோத்துத் தொங்க விடுகிறோமே, அந்தக் கனமே சாவித்துளையைத் தேய்த்துவிடும்.) இருமி, குலுங்கி, மூச்சுத் திணறி நின்றால் பெட்ரோல் அல்லது காற்றின் பக்கம் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நம் ஊரில் "குளிர்" என்று நாம் சொல்வது பாதி நேரம் ஈரம்தான். இரவெல்லாம் மழையில் நனைந்த காரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். மூடியில் மயிரிழை விரிசல் இருந்தாலும், பிளக் கம்பியின் ரப்பர் வெடித்திருந்தாலும், பிளக்கில் பாய வேண்டிய மின்பொறி பாதி வழியிலேயே கசிந்துவிடும். இஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் கோளாறு மறைந்துவிடும். இதைப் பிடிக்கச் செலவில்லாத வழி உண்டு. இருட்டிய பிறகு திறந்த வெளியில் இஞ்சினை ஓடவிட்டு, முன்மூடியைத் திறந்து, எட்டி நின்று பாருங்கள். துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியால் கம்பிகள்மேல் பனிபோல லேசாகத் தூவுங்கள். கசிவு இருந்தால் நீல நிறப் பொறிகள் ஓடுவது தெரியும். கம்பியைக் கையால் தொடாதீர்கள். பல ஆயிரம் வோல்ட் அது. மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓட விடவும் கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

சரி, அந்தப் பெண்பிள்ளையின் நோட்டுக்கு வருவோம். மழை பெய்த நாளும் பெய்யாத நாளும் கார் நின்றிருக்கிறது. ஆகவே ஈரம் காரணமில்லை. காலையில் மட்டும் நிற்கிறது, மத்தியானத்தில் ஒரு நாளும் இல்லை. ஓடும்போது நிற்பதில்லை, சந்திப்பில் மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு வரியிலும் "முள் கீழே" என்று எழுதியிருந்தாள். பள்ளிக்கூட வாசல் வந்த பிறகும் முள் கீழேதான்!

அங்கேதான் கள்ளன் அகப்பட்டான். இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் என்ற சிறு கதவு இருக்கிறது. இஞ்சின் தண்ணீர் சுமார் 80 டிகிரிக்குச் சூடாகும் வரை அது மூடியிருக்கும். அதனால் இஞ்சின் சீக்கிரம் சூடேறும். "நம்முடையது வெயில் நாடு, இது எதற்கு?" என்று அதைக் கழற்றி எறிவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அது தவறான சிக்கனம் என்பதே என் கருத்து. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. அதற்காகத்தான் சோக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத இஞ்சின் வெகுநேரம் குளிர்ந்தே இருக்கும். தானியங்கிச் சோக் விலகாமல் பிளக்கில் கரி படியும். கையால் இழுக்கும் சோக்கைச் சீக்கிரம் உள்ளே தள்ளிவிட்டாலோ பெட்ரோல் போதாமல் நிற்கும். முன்பு கார் வைத்திருந்தவர் அதைக் கழற்றியிருக்கிறார். புதியது வாங்கிப் போட, அதுவரை செய்த செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. (இஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.)

இனி கேமரன் மலை. பள்ளி விடுமுறையில் தேயிலைத் தோட்டத்து உறவினரைப் பார்க்கத் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ பழைய காரில் ஏறுகிறோம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே பனிமூட்டத்தில் கார் நின்று போனால் காரணம் வேறாகவும் இருக்கலாம். ஊசி போடுமுன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்றிருக்கிறதல்லவா? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போதும் அப்படித்தான் குளிர்கிறது. உள்ளே வரும் காற்றின் சூடு 20 டிகிரிகூடக் குறைந்துவிடலாம். ஐஸ் தண்ணீர்க் கிளாசின் வெளிப்புறம் வியர்ப்பது போல், காற்றிலுள்ள ஈரம் கார்புரேட்டருக்குள் படிந்து, உறைந்து, காற்றுப் போகும் வழியை அடைக்கும். இஞ்சின் நிற்கும். சில நிமிடத்தில் இஞ்சின் சூட்டிலேயே பனிக்கட்டி கரையும், கார் கிளம்பும். பட்டறைக்காரர் வரும்போது சாட்சியமே இருக்காது! கார்புரேட்டர் உள்ள சிறு விமானங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. அதற்காகவே விமானி இழுத்துச் சூடான காற்றை உள்ளே விடும் பிடி ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய கார்கள் பலவற்றில் அதே வேலைக்கு ஒரு மடிப்புக் குழாய், புகைக்குழாய்ப் பக்கமிருந்து காற்று வடிகட்டிக்குப் போகும். கிழிந்து போனதும் யாரும் அதை மறுபடி போடுவதில்லை. மலைக்குப் போகுமுன் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

நோட்டில் கவனிக்க வேண்டிய மற்ற அடையாளங்கள் சில. வெகுதூரம் ஓடிய பிறகு நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம். எண்ணெய் குறையும்போதே தொந்தரவு என்றால் டேங்கின் அடியில் தண்ணீரோ துருவோ இருக்கும். கார்புரேட்டர் இல்லாத, பெட்ரோலைப் பீய்ச்சும் பிற்காலக் கார்களிலும் குளிரில் நிற்பது உண்டு. அவற்றில் தண்ணீரின் சூட்டைக் கணினிக்குச் சொல்லும் சென்சார், கரி படிந்த காற்று வாசல் இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் நின்றால் பதற வேண்டாம். சாவியை வெளியே எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்குக்கு உதவும் விசை ஓரிரு மிதிக்குத்தான் மிச்சமிருக்கும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். ஸ்டீயரிங்கும் கனக்கலாம், இரு கையாலும் திருப்புங்கள். அபாய விளக்கைப் போட்டு ஓரங்கட்டிய பிறகு பிள்ளைகளைச் சாலைப் பக்கக் கதவால் இறக்காமல் ஓரப் பக்கமாக இறக்குங்கள். மறுபடி கிளப்புமுன் மணியைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.